ஒரு தீவின் ஆசிரியர் கணக்கு

உலக நாடுகளின் கல்வி நிலையைக் காட்டும் அட்டவணைகளில் இடைநிலைப் பள்ளி ஆசிரியர்களின் எண்ணிக்கைக்கென்று ஒரு பத்தி உண்டு. பெரிய தேசங்களின் பெயர்களுக்கு நேரே லட்சக்கணக்கான எண்கள் நிற்கும். கண்ணை ஓட்டிக்கொண்டே கீழே இறங்கினால் பசிபிக் கடலிலும் அட்லாண்டிக் கடலிலும் சிதறிக் கிடக்கும் சிறு தீவுப் பிரதேசங்களை அடைகிறோம். அங்கே எண்கள் மூன்றிலக்கமாகவும், சில இடங்களில் இரண்டிலக்கமாகவும் சுருங்கிவிடுகின்றன. அதற்கும் கீழே, அட்டவணையில் தனி வரிசை பெறாத நிலங்களும் உண்டு. அத்தகைய ஒரு நிலத்தின் ஆசிரியர் கணக்கையே இன்று எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கணக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுக் காலம் ஒன்று என்பதற்கும் பூஜ்யம் என்பதற்கும் இடையே ஊசலாடியது. அந்த ஊசலாட்டத்தில் ஒரு சமுதாயத்தின் உயிரே அடங்கியிருந்தது.

தென் அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே இருக்கும் டிரிஸ்டன் டா குன்ஹா என்பதே அத்தீவு. ஆப்பிரிக்காவின் தென்முனையிலுள்ள கேப் டவுன் நகரிலிருந்து மேற்கே சுமார் 2,800 கிலோமீட்டர் தூரம். விமான நிலையம் கிடையாது. ஆண்டுக்கு ஒரு சில தடவை கப்பல் செல்லும். கடல் அமைதியாக இருந்தால் ஒரு வாரப் பயணம். கடலிலிருந்து நேரே 2,000 மீட்டருக்கு மேல் எழும் ஒரு எரிமலைதான் தீவு முழுவதும். அதன் வடமேற்கு அடிவாரத்தில் மட்டும் ஒரு சிறு சமவெளி. அந்தச் சமவெளியில் ஒரே ஓர் ஊர். ஊரின் மக்கள் தொகை இன்று 250-க்கும் குறைவு. நமது நாட்டின் மிகச் சிறிய யூனியன் பிரதேசமான லட்சத்தீவில் 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 64,473 பேர் வாழ்ந்தனர் என்பதை நினைவில் கொண்டால், எவ்வளவு சிறிய சமுதாயத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது விளங்கும்.

தீவின் பெயரிலேயே இந்தியாவின் தொடர்பு இருக்கிறது. 1506-இல் இந்தியாவை நோக்கிக் கப்பற்படையுடன் வந்த போர்த்துகீசியத் தளபதி டிரிஸ்டன் டா குன்ஹா வழியில் இத்தீவைக் கண்டு தம் பெயரை இட்டுச் சென்றார். மறு ஆண்டு அவர் மலையாளக் கரையில் பொன்னானியைத் தாக்கியதும் சரித்திரத்தில் பதிந்துள்ளது. பெயர் இட்டவர் தீவில் வாழ நினைக்கவில்லை. அடுத்த முந்நூறு ஆண்டுகள் வேறு எவரும் நிலையாக வாழவில்லை. 1816-இல் நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் சிறை வைக்கப்பட்டிருந்தபோது, அவரை மீட்க எவரும் இத்தீவைத் தளமாகக் கொள்ளக்கூடாது என்ற எண்ணத்தால் பிரிட்டிஷார் ஒரு படைப் பிரிவை இங்கே நிறுத்தினர். நடுவே 2,400 கிலோமீட்டர் கடல் கிடக்கையில் இந்த முன்னெச்சரிக்கை சிறிது மிகையானதுதான். மறு ஆண்டே படை திரும்ப அழைக்கப்பட்டது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கிளாஸ் என்ற பீரங்கிப் படைக் கார்ப்பொரல், தம் மனைவியுடனும் குழந்தைகளுடனும் வேறு இரு தோழர்களுடனும் அங்கேயே தங்கிவிட அனுமதி பெற்றார். எல்லாரும் சமம், எவருக்கும் எவர்மீதும் அதிகாரம் இல்லை என்று 1817-இல் அவர்கள் ஓர் ஒப்பந்தப் பத்திரம் எழுதிக்கொண்டனர். அப்பத்திரம் இன்றும் லண்டனில் பாதுகாக்கப்படுகிறது.

சமத்துவத்திற்குப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க ஓர் ஆள் வேண்டுமே. அந்த ஆள் வந்தது தற்செயலாக. அகஸ்டஸ் ஏர்ல் என்ற ஓவியர் 1824-இல் ரியோ டி ஜெனிரோவிலிருந்து புறப்பட்டார். அவர் போக நினைத்தது கல்கத்தாவுக்கு. கப்பல் வழியில் டிரிஸ்டனில் நின்றபோது, படம் வரையலாம் என்று தம் நாயுடன் கரையிறங்கினார். காற்று மாறியது, கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்த கப்பல் வரும்வரை எட்டு மாதங்கள் அவர் தீவில் காத்திருந்தார். வண்ணமும் காகிதமும் உள்ளவரை படம் தீட்டினார். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். தீவின் ஆசிரியர் கணக்கில் முதன்முதலாக ‘ஒன்று’ என்ற எண் ஏறியது இப்படித்தான். வேலைக்கென்று எவரும் அமர்த்தவில்லை. போக வழியில்லாததால் ஆசிரியரானார். அவ்வாண்டு நவம்பரில் ஒரு கப்பல் வந்ததும் அவர் ஏறிச் சென்றார். கணக்கு மீண்டும் பூஜ்யமாயிற்று. இந்த ஏர்ல் சில ஆண்டுகளுக்குப் பின் நம் சென்னைக்கும் வந்து, உடல்நலம் குன்றிப் புதுச்சேரி வழியாகக் கப்பலேறினார் என்பதும், பிறகு டார்வினுடன் பீகிள் கப்பலில் ஓவியராகப் பயணம் செய்தார் என்பதும் இங்கே சொல்லத்தக்க செய்திகள். கல்கத்தாவுக்கு அன்று அவர் நேரே போயிருந்தால் டிரிஸ்டன் குழந்தைகளின் முதல் எழுத்து இன்னும் தள்ளிப் போயிருக்கும்.

இனி நாம் காணும் செய்தி சற்று விசித்திரமானது. கற்பிப்பதற்காகவே இத்தீவுக்கு வந்தவர்களில் முக்கியமான இருவர், சில ஆண்டுகள் கற்பித்துப் பார்த்த பின், இம்மக்கள் இந்தத் தீவை விட்டுப் போவதே நல்லது என்ற முடிவுக்கு வந்தனர்.

முதலாமவர் வில்லியம் டெய்லர் என்ற பாதிரியார். தம் பெயரை வெளியிட விரும்பாத ஒருவர் அளித்த நன்கொடையைக் கொண்டு, இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷன் சங்கம் 1851-இல் அவரை அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை குருவாகவும் மற்ற நாட்களில் உபாத்தியாயராகவும் அவர் ஆறு ஆண்டுகள் உழைத்தார். படிப்பு வளர்ந்தது, ஆனால் படித்த பிள்ளைகள் வளர்ந்து என்ன செய்வது? பயிரிடத்தக்க நிலம் சிறிது. அதில் விளைவது பெரும்பாலும் உருளைக்கிழங்கு. தண்ணீருக்கும் காய்கறிக்கும் வந்துகொண்டிருந்த திமிங்கிலக் கப்பல்கள் குறைந்துகொண்டே வந்தன. 1853-இல் தலைவர் கிளாஸ் காலமானார். 1856-இல் அவர் குடும்பத்தினர் 25 பேர் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தனர். 1857-இல் டெய்லர் தாமே 45 பேரை அழைத்துக்கொண்டு, அரசாங்கக் கப்பலில் கேப் காலனிக்குப் போய்விட்டார். தீவில் எஞ்சியோர் 28 பேர். பள்ளியின் மாணவர்களும் பள்ளியின் ஆசிரியரும் ஒரே கப்பலில் போன கதை வேறெங்கேனும் உண்டோ, நாம் அறியோம்.

அதன் பின் 24 ஆண்டுகள் குருவோ ஆசிரியரோ வந்து தங்கவில்லை. எஞ்சிய 28 பேரும் பெருகினர். தெரிந்தவர் தெரியாதவர்க்குச் சொல்லிக் கொடுத்தனர். 1881-இல் வந்தவர் எட்வின் டாட்ஜ்சன் பாதிரியார். ஆலிஸ் என்ற சிறுமியின் அற்புத உலகத்தைக் கதையாக்கிய லூயிஸ் கரோலின் உடன்பிறந்த தம்பி இவர். அவரை ஏற்றிவந்த கப்பல் தீவுக்கரையிலேயே உடைந்து, அவர் கொண்டுவந்த உடைமைகளில் பெரும்பகுதி கடலுக்கு இரையாயிற்று. இருந்தும் பள்ளி நடந்தது. சில ஆண்டுகள் கழிந்தபின் அத்தீவில் மனிதர் வாழ வேண்டிய அவசியமே இல்லை என்று அவருக்குப் பட்டது; எல்லாரும் வெளியேற ஒரு வழி பிறக்கவேண்டும் என்பதே அவர் வேண்டுதலாக இருந்தது. 1884 இறுதியில் உடல்நலம் கெட்டுத் தீவை விட்டுச் சென்றார்.

மறு ஆண்டு நவம்பரில் பெருந்துயரம் நேர்ந்தது. தொலைவில் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பலுடன் பண்டமாற்றுச் செய்ய உயிர்காப்புப் படகில் சென்ற 15 ஆண்கள் திரும்பவே இல்லை. ஊரின் உழைக்கும் ஆண்களில் பெரும்பாலோர் ஒரே நாளில் மறைந்தனர். செய்தி கேட்ட டாட்ஜ்சன் 1886-இல் நிவாரணப் பொருளுடன் சென்ற போர்க்கப்பலில் ஏறி மீண்டும் அங்கே போனார். எந்த ஊரில் எவரும் வாழக்கூடாது என்று அவர் எண்ணினாரோ, அந்த ஊரின் விதவைகளுக்கும் தந்தையற்ற குழந்தைகளுக்கும் துணையாக இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தார். கருத்தும் கடமையும் வேறு வேறு திசையில் இழுத்தபோது அவர் எதன் பக்கம் நின்றார் என்பதை அவருடைய கப்பல் பயணமே சொல்லுகிறது. 1889-இல் அவர் சென்றபின் அடுத்தவர் வர 17 ஆண்டுகள் ஆயின.

1906-இல் பாரோ பாதிரியாரும் அவர் மனைவி காதரைனும் வந்தனர். மூன்று ஆண்டுகள் பள்ளி நடந்தது. அம்மையார் எழுதிவைத்த குறிப்புகள் பின்னர் நூலாகவும் வந்தன. 1909-இல் அவர்கள் போனதும் மறுபடியும் 13 ஆண்டு வெற்றிடம். இடையே உலக யுத்தம் வந்து போயிற்று. அது முடிந்த செய்தியே 1919-இல் ஒரு போர்க்கப்பல் வந்து சொல்லித்தான் தீவினருக்குத் தெரிந்தது. 1922-இல் ரோஜர்ஸ் பாதிரியாரும் அவர் மனைவி ரோஸும் வந்து சேர்ந்தனர்.

இங்கே சிறிது நின்று கூட்டிப் பார்ப்போம். டெய்லர் சென்ற 1857 முதல் ரோஜர்ஸ் வந்த 1922 வரை 65 ஆண்டுகள். அவற்றுள் வெளியிலிருந்து வந்த ஆசிரியர் தீவில் இருந்தது ஏறத்தாழ பத்து ஆண்டுகளே. ஆகவே, அக்காலத்தில் பிறந்த ஒரு குழந்தைக்குப் பள்ளி கிடைப்பதும் கிடைக்காததும் அது பிறந்த ஆண்டைப் பொறுத்தது. 1890-இல் பிறந்த பிள்ளைக்கு ஐந்து வயதிலும் இல்லை, பத்து வயதிலும் இல்லை. பள்ளி வந்தபோது அவனுக்கு வயது 16. அதற்குள் அவன் படகு தள்ளவும், மலையேறிப் பறவை முட்டை எடுக்கவும், மாட்டு வண்டி ஓட்டவும் கற்று முழு ஆளாகியிருப்பான்.

நம் நாட்டில் ஓராசிரியர் பள்ளிகளைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் நம் கிராமத்து ஓராசிரியர் பள்ளியில் ஆசிரியர் மாற்றலாகிப் போனால், அடுத்தவர் பஸ்ஸில் வருவார். தாமதமானால் பெற்றோர் மனு எழுதுவர். டிரிஸ்டனில் மனு எழுதினாலும் அதைக் கொண்டுபோகக் கப்பல் வேண்டும். நூறு ஆசிரியர் உள்ள ஊரில் ஒருவர் விலகினால் நஷ்டம் நூற்றில் ஒன்று. ஒரே ஆசிரியர் உள்ள ஊரில் ஒருவர் விலகினால் நஷ்டம் முழுப் பள்ளி. புள்ளிவிவர அட்டவணை இரண்டையும் ‘ஒன்று குறைந்தது’ என்றே எழுதும்.

1920-களிலிருந்து குருமார்கள் ஓரளவு தொடர்ச்சியாக வரத் தொடங்கினர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது 1942-இல் பிரிட்டிஷ் கடற்படை அங்கே ஒரு வானிலை, வானொலி நிலையத்தை அமைத்தது. நாணயம் என்பதைத் தீவினர் வழக்கமாகக் கையாளத் தொடங்கியது அப்போதுதான். யுத்தம் முடிந்தபின் சிங்கி இறால் பிடித்து ஏற்றுமதி செய்யும் தொழில் வந்தது. 1950-இல் நிர்வாக அதிகாரி ஒருவர் வந்தார். சம்பளம் பெறும் கல்வி அதிகாரிகளும் பிரிட்டனிலிருந்து வரலாயினர். குருவின் ஓய்வு நேரத்தில் நடந்துவந்த பள்ளி இவ்வாறு சர்க்கார் பள்ளியாக மாறியது. ஆயினும் அது ஆரம்பக் கல்வியைத் தாண்டவில்லை. எழுத, படிக்க, கணக்குப் போட ஒருவர் போதும். இடைநிலைக் கல்வி அப்படியன்று. கணிதம் ஒருவர், விஞ்ஞானம் ஒருவர், மொழி ஒருவர், சரித்திரம் ஒருவர் என்று ஆள் வேண்டும். சோதனைக் குழாயும் அமிலமும் வேண்டும். பரீட்சை வைக்கும் வாரியம் வேண்டும்.

1961 அக்டோபரில் மலையே கட்டளை இட்டது. ஊருக்கு மிக அருகில் நிலம் வெடித்து எரிமலைக் குழம்பு பெருகியது. இறால் தொழிற்சாலையும் படகிறங்கும் கரையும் புதையுண்டன. 260-க்கும் மேற்பட்ட மக்கள் அனைவரும் படகேறிப் பக்கத்துத் தீவுக்கும், அங்கிருந்து கப்பலில் கேப் டவுனுக்கும், பின் இங்கிலாந்துக்கும் கொண்டுபோகப்பட்டனர். டெய்லரும் டாட்ஜ்சனும் விரும்பியது நூறு ஆண்டு கழித்துத் தானாக நடந்தேறியது எனலாம். வீடு கிடைத்தது, வேலை கிடைத்தது; குழந்தைகளுக்கு வகுப்புக்கு ஓர் ஆசிரியர், பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்ற வசதி கண்முன்னே நின்றது. இனி இவர்கள் திரும்பமாட்டார்கள் என்றே பலரும் எண்ணினர்.

1962 டிசம்பரில் ரகசிய வாக்கெடுப்பு நடத்தினர். திரும்ப வேண்டும் என்றவர் 148 பேர்; வேண்டாம் என்றவர் 5 பேர். 1963 முடிவதற்குள் பெரும்பாலோர் தீவுக்குத் திரும்பிவிட்டனர். உலகப் பத்திரிகைகள் வியந்து எழுதின. நாகரிகத்தை வேண்டாம் என்று சொன்ன மக்கள் என்று சிலர் புகழ்ந்தனர். அந்தப் புகழ்ச்சியை நாம் முழுதும் ஏற்கமாட்டோம். அவர்கள் வேண்டாம் என்றது இங்கிலாந்தின் இரைச்சலையும், குளிர்கால நோய்களையும், அயலார் ஊரில் அயலாராக வாழ்வதையுமே; கல்வியை அன்று. அவர்களில் சில குடும்பங்கள் பின்னர் மீண்டும் இங்கிலாந்துக்கே வந்து குடியேறியதும் உண்டு. பெற்றோர் மனத்தில் இரண்டு தராசுத் தட்டும் ஆடிக்கொண்டிருந்தன என்பதற்கு அதுவே சான்று.

திரும்பிய பின் 1967-இல் சிறு துறைமுகம் கட்டி முடிந்தது. 1975-இல் செயின்ட் மேரி பள்ளிக்குப் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. ஐந்து வகுப்பறைகள், ஒரு மேடை, கைத்தொழிலுக்கும் விஞ்ஞானத்துக்கும் ஓர் அறை. மழலை வகுப்பு முதல் 16 வயது வரை எல்லாரும் அந்த ஒரே கூரையின் கீழ். ஆகவே இடைநிலை ஆசிரியர் எத்தனை பேர் என்று எவரேனும் கேட்டால், பள்ளியிலிருந்து நேரான பதில் கிடைப்பது கடினம். காலையில் சிறுவர்க்கு வாய்ப்பாடு சொன்னவரே பிற்பகலில் பெரியவர்க்கு இயற்கணிதம் சொல்லவேண்டியிருந்தால், அவரை எந்தப் பத்தியில் எழுதுவது?

மாணவர் விகிதத்தைப் பார்த்தாலும் இப்படியே ஏமாறுவோம். ஓர் ஆசிரியருக்குச் சில மாணவர் என்ற விகிதம் பெருநகரப் பள்ளிகளுக்கும் எட்டாத பெருமை. ஆனால் ஒரு வகுப்பில் இரண்டே பிள்ளைகள் என்றால், அவர்களுக்காக ரசாயனத்துக்கென்று தனியாக ஒருவரை அமர்த்துவதற்கில்லை. சில ஆண்டுகளில் ஒரு வயதுக்கு ஒரு பிள்ளைகூட இருப்பதில்லை. போட்டியிட ஒரு தோழனும் இல்லாமல் பரீட்சைக்குப் படிக்கும் மாணவனின் நிலையை எந்த விகிதமும் காட்டாது.

இருப்பினும் ஒரு மாறுதல் நிலைபெற்றிருக்கிறது. நூறு ஆண்டுக் காலம் ஆசிரியர் என்றால் கப்பலில் வருபவர்; இன்றோ பெரும்பாலும் தீவினரே ஆசிரியர். பிரிட்டனிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு கல்வி ஆலோசகர் வந்து அவர்களுக்குப் பயிற்சி தருவார். அவர் போனாலும் பள்ளி பூட்டப்படுவதில்லை. பட்டம் பெற்ற வெளியாரே மேல் என்று சொல்பவர் இருக்கலாம். 1857-ஐயும் 1889-ஐயும் 1909-ஐயும் அறிந்தவர் அப்படிச் சொல்லத் தயங்குவர். இதில் வேறோர் அபாயமும் இல்லாமலில்லை. அண்டைத் தீவு என்று சொல்லத்தக்க ஒன்றே, 2,400 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள செயின்ட் ஹெலினா. 2002-இல் இத்தீவினருக்கெல்லாம் முழுப் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தபோது, அங்கிருந்து படித்தவர் பலர் பிரிட்டனுக்கு வேலை தேடிச் சென்றனர்; ஆசிரியர்களும் அவர்களில் இருந்தனர். கதவு திறந்திருப்பது உரிமை. ஆனால் சிறிய வீட்டில் கதவு திறந்தால் அறை முழுதும் குளிர்ந்துபோகும்.

டிரிஸ்டனில் பதினாறு வயது வரை படித்து இங்கிலாந்துத் தேர்வை எழுதும் மாணவர், மேலே படிக்க விரும்பினால் செயின்ட் ஹெலினாவுக்கோ பிரிட்டனுக்கோ போகவேண்டும். அவர்களுக்கு உதவத் தனியாக ஒரு கல்வி நிதியும் உண்டு. வானொலியும் இணையமும் வந்த பிறகு பாடங்கள் கடல் கடந்து வருகின்றன. தேர்ந்த ஆசிரியரின் குரலை அங்கிருந்தே கேட்கலாம். ஆனால் மேற்படிப்புக்கான கப்பல் இன்னும் அதே கப்பல்தான். அது நங்கூரம் பாய்ச்சும் நாளில் ஊரார் துறைமுகத்துக்கு வருவர். ஏறிப் போகும் பெண் ஆசிரியையாகத் திரும்பி வருவாளா என்று அவள் தாய் வாய்விட்டுக் கேட்கமாட்டாள். மூட்டையில் உலர்ந்த மீனும், தீவின் ஆட்டுமயிரில் பின்னிய காலுறைகளும் வைத்துக் கட்டிக் கொடுத்து, அடுத்த கப்பல் எந்த மாதம் என்று மட்டும் விசாரிப்பாள்.